மன்றத்தின் வலைத்தளம்: கட்டுதலும் காத்தலும்

(தமிழ்மன்றப் பொறுப்பாளர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சேரர் வரலாற்றுக்குப் பெருந்துணையாக நிற்கும் பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்று நம் கையில் இல்லை. பாடிய புலவரிடத்துக் குறை ஏதுமில்லை; படியெடுத்துக் காப்பார் இல்லாமற் போயினமையே குறை. ஓலையாவது ஓரிரு நூற்றாண்டு தாங்கும். வலைத்தளத்தின் வாழ்நாளோ ஆண்டுக் குடிக்கூலியைப் பொறுத்தது. பெயர்ப்பதிவுக்கும் வழங்கிக்கும் உரிய தொகையைக் கட்ட ஓராண்டு மறந்தால், பத்தாண்டு உழைப்பு சில கிழமைகளில் மறைந்துவிடும்.

பிறர் திண்ணையில் குடியிருப்பதும் இதனின் மேம்பட்டதன்று. 1994இல் தொடங்கிப் பின்னர் யாகூ நிறுவனத்தின் உடைமையான சியோசிட்டீசு என்னும் இலவய இடத்தில் உலகெங்கணுமிருந்து எத்தனையோ பேர் தத்தம் பக்கங்களை வைத்திருந்தனர். தமிழ்ப் பக்கங்களும் அங்கு இருந்தன. 2009 அக்தோபரில் அமெரிக்காவிலிருந்த அவ்விடத்தை நிறுவனம் மூடிற்று. எடுத்து வைத்துக்கொண்டவர் பிழைத்தனர். இன்று முகநூலில் மட்டும் எழுதி, மன்றத்தின் ஆவணம் அங்கே இருக்கிறது என்று நம்பியிருப்போர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

ஆகவே மன்றத்துக்கெனத் தனித்தளம் வேண்டும். அதனைக் கட்ட இன்று நிரல் எழுதும் பொறியாளரே வேண்டுமென்பதில்லை. உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் என வழங்கும் கருவிகள் உள்ளன. எழுத்து ஓரிடத்தும் தோற்றம் ஓரிடத்தும் வைக்கப்பெறுவதே இவற்றின் அடிப்படை. கட்டுரையும் பாவும் தரவுத்தளத்தில் கிடக்கும்; நிறம், எழுத்தளவு, பக்க அமைப்பு ஆகியவை வார்ப்புரு என்னும் கோப்புத் தொகுதியில் இருக்கும். சட்டையை மாற்றினால் உடம்பு மாறாதவாறு போல, வார்ப்புருவை மாற்றினாலும் எழுத்து மாறாது.

இவ்வகையில் பெயர்பெற்றவை மூன்று. பெல்சிய நாட்டுத் திரீசு பைட்டார்ட்டு 2001இல் வெளியிட்டது துருபல். 2005இல் மாம்போ என்னும் மென்பொருளினின்று பிரிந்தது சூம்லா. அப்பெயர் ஆங்கிலமன்று, 'அனைவரும் ஒருங்கே' எனப் பொருள்படும் சுவாகிலிச் சொல்லின் திரிபு. தம் கருவிக்கு ஆங்கிலப் பெயரே வைத்தாக வேண்டுமென்று அவர்கள் எண்ணவில்லை என்பதை நம்மவர் நோக்குக. மூன்றாவதும் மிகப் பரவியதும் வேர்டுபிரசு. மிசேல் வால்திரிகி என்பார் எழுதிய பி2 என்னும் மென்பொருள் கவனிப்பாரற்றுக் கிடந்தபோது, மேட்டு மல்லன்வெகு, மைக்கு இலிட்டில் ஆகிய இருவரும் அதன் மூலநிரலை எடுத்து வளர்த்து 2003 மே 27இல் வெளியிட்டனர். எவரும் எடுத்துத் திருத்திப் பரப்பலாம் என்னும் பொது உரிமத்தின்கீழ் அந்நிரல் இருந்தமையே அதற்குக் கரணியம். சிறு மன்றத்துக்கு வேர்டுபிரசு போதும். பல மொழியும் பல துறையும் கொண்ட பெருநிறுவனத்துக்குத் துருபல் பொருந்தும். இனிக் கூறுவன பெரும்பாலும் வேர்டுபிரசைப் பற்றியனவாகும்.

தளம் தொடங்குவோர் முதற்கண் செய்யும் பிழை, வார்ப்புருக்களைப் புரட்டிக்கொண்டு நாட்களைக் கழிப்பதாகும். அதற்கு முன்னே தாளும் எழுதுகோலும் எடுத்து, மன்றத்திடம் உள்ள எழுத்து எத்தன்மைத்து என்று வகுத்தல் வேண்டும். மன்ற வரலாறு, சட்டதிட்டம், தொடர்பு முகவரி ஆகியன நிலையானவை. அவற்றைப் 'பக்கம்' என்னும் வகையில் இடுக. திங்கள்தோறும் வரும் கட்டுரை, நிகழ்ச்சிக் குறிப்பு ஆகியன நாள்முறைப்படி அடுக்கப்படுவன. அவை 'பதிவு' ஆகும். பதிவுகளைப் பகுக்கும் பெருவகைகள் ஏழெட்டுக்கு மேற்போகலாகாது. இலக்கணம், இலக்கியம், வரலாறு, நூலறிமுகம் என்றாற்போல் வைத்துக்கொண்டு, நுண்ணிய பொருள்களைக் குறிச்சொற்களால் காட்டுக. ஆள்தோறும் ஒரு வகை, விழாத்தோறும் ஒரு வகை எனப் பெருக்கிய தளங்களில் நாற்பது வகை இருக்கும். வகைக்கு ஒரு கட்டுரைதான் இருக்கும்.

எழுத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. இதில்தான் தமிழ்த் தளங்கள் வழுக்கி விழுகின்றன. ஆங்கில வழிகாட்டி நூல்கள் இதற்கு உதவா.

முதலாவது, தட்டெழுதுவது ஒருங்குறியிலேயே இருத்தல் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த கட்டுரைகள் பல மன்றங்களின் கணினிகளில் கிடக்கின்றன. அவை உண்மையில் உரோம எழுத்துகள். எழுத்துருவாகிய முகமூடி இருக்கும்வரை தமிழாகத் தோன்றும். அப்படியே தளத்தில் ஒட்டினால், அவ்வெழுத்துரு இல்லாதார்க்குப் பொருளற்ற உரோமக் குப்பையே தெரியும். அவற்றை எழுத்துமாற்றியால் ஒருங்குறிக்குக் கொணர்ந்து, மெய்ப்புத் திருத்தி, அதன்பின் ஏற்றுக. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் ஒருங்குறிக்கு முன்னர்த் திசுக்கி என்னும் குறியேற்றத்தில் நூல்களை வெளியிட்டது. பின்னர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிற்று. எழுத்தாக வைத்திருந்தமையால் அது இயன்றது. பக்கங்களைப் படமாக மட்டும் வருடி வைத்திருந்தால் மாற்றவும் இயலாது, தேடவும் இயலாது.

இரண்டாவது, தரவுத்தளத்தின் குறியேற்றம். மையெசுகியூயெல் என்னும் தரவுத்தள மென்பொருள் 2018இல் வந்த எட்டாம் பதிப்புக்கு முன்பெல்லாம் இலத்தீன் குறியேற்றத்தையே தன் இயல்பாகக் கொண்டிருந்தது. அதனை நோக்காமல் பழைய வழங்கியில் தமிழை ஏற்றியவர் சிலர், கட்டுரை முழுதும் வினாக்குறிகளாக நிற்கக் கண்டனர். வினாக்குறியாய் மாறிய எழுத்து மீளாது. மூலப்படியிலிருந்து மறுபடி ஏற்றுதலே வழி. புதுத்தளத்தில் முதலில் இரண்டு வரி தமிழ் இட்டுச் சேமித்துத் திறந்து பார்த்துவிட்டு மேற்செல்க.

மூன்றாவது, ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகள். 'ஔவை' என்பதை 'ஒ' 'ள' 'வை' எனத் தட்டெழுதுவார் பலர். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அவை இருவேறு சொற்கள். ஔவையைத் தேடுவார்க்கு அக்கட்டுரை அகப்படாது. தமிழெண்களை வழங்க விழையும் இதழாளரும் இதில் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒன்றுக்குரிய '௧' வேறு, ககரம் வேறு. ஏழுக்குரிய '௭' வேறு, எகரம் வேறு. எட்டுக்குரிய '௮' வேறு, அகரம் வேறு. எண்ணுக்கு எழுத்தை இட்டால் அச்சில் பிழையில்லை. தளத்தில் அது பிழையே.

நான்காவது, தேடல். வேர்டுபிரசில் உள்ள தேடுபொறி இலக்கணம் அறியாதது. தந்த எழுத்துத்தொடர் அப்படியே உள்ளதா என்று மட்டும் பார்க்கும். 'மரம்' எனத் தேடினால் 'மரத்தை', 'மரத்தின்' என்பவை வாரா. 'மர' எனத் தேடினால் அவை வரும், கூடவே 'மரபு' என்பதும் வரும். வேற்றுமையுருபும் சாரியையும் ஏற்றுச் சொல் திரியும் மொழிக்கு இஃது இயல்பான இடர். ஆதலின் கட்டுரை எந்தப் பொருளைப் பற்றியதோ அப்பெயரை உருபேற்காத வடிவில் தலைப்பிலோ முதல் வரியிலோ ஒருமுறையேனும் வைக்குமாறு எழுதுவோரை வேண்டிக்கொள்க. சந்திப்பிழையும் இங்கு வெறும் பிழையாக நில்லாது. 'இணையத்தளம்' என்பதை வல்லெழுத்து மிகாமல் 'இணையதளம்' என எழுதும் வழக்கம் பெருகிவிட்டது. ஒரே தளத்தில் இருவகையும் வந்தால், ஒன்றைத் தேடுவார்க்கு மற்றொன்று கிட்டாது. இலக்கணம் பேசுவோரைப் பழம்பஞ்சாங்கம் என்றோர் இதனைக் கேட்க.

ஐந்தாவது, பதிவின் முகவரி. தலைப்பிலிருந்து முகவரியை மென்பொருள் தானே அமைத்துக்கொள்ளும். ஒருங்குறித் தமிழில் ஒவ்வோர் எழுத்துக் குறியும் மூன்று பைட்டு. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று இடம் கொள்ளும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். உயிர்மெய்யில் ககரம் ஒரு குறி, அதன் மேல் ஏறும் ஒகரம் மற்றொரு குறி. வேர்டுபிரசு ஒதுக்கியுள்ளதோ 200 இடமே. எனவே ஏறத்தாழ 22 குறியோடு முகவரி அறுந்துபோம். 'தொல்காப்பியப் பொருளதிகார உரைவேறுபாடுகள்' என்று தலைப்பிட்டால், முகவரி 'தொல்காப்பியப்-பொருளதிகா' என்று பாதிச் சொல்லில் நின்றுவிடும். தலைப்பைச் சுருக்க வேண்டுவதில்லை. முகவரியை மட்டும் கையால் திருத்தி 'உரைவேறுபாடு' என ஒரு சொல்லாக வைக்கலாம். வெளியிட்டபின் அதனை மாற்றலாகாது.

தோற்றத்தைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். சாய்வெழுத்து தமிழ் மரபன்று. மேற்கோளைச் சாய்த்துக் காட்டும் வார்ப்புருவாயின் அதனை நிமிர்த்துக. வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதினும் மிகுதியாக இடைவெளி விடுக. முகப்பில் கட்டுரைச் சுருக்கமாக 55 சொல் காட்டுவது மென்பொருளின் இயல்பு; தமிழ்ச் சொல் நெடிதாதலின் 30 அல்லது 35 போதும்.

இம்மாற்றங்களை எங்கே செய்வது என்பதில்தான் புதியவர் ஏமாறுவர். மென்பொருளின் மூலக்கோப்பிலோ பிறர் தந்த வார்ப்புருக் கோப்பிலோ நேரே கைவைத்தால், அடுத்த இற்றைப்படுத்தலில் அத்தனையும் அழியும். சேய் வார்ப்புரு என ஒன்றைத் தனியே அமைத்து, திருத்தங்களை அதில் மட்டும் எழுதுக; தாய் புதுப்பிக்கப்பட்டாலும் சேய் அப்படியே இருக்கும்.

செருகிகள் என்பன பிறர் எழுதிச் சேர்க்கும் துணைநிரல்கள். ஒவ்வொன்றும் வீட்டுக்கு வைக்கும் ஒவ்வொரு புதுக்கதவு. எழுதியவர் கைவிட்ட செருகி பூட்டில்லாக் கதவு. அண்மைப் பெரும்பதிப்புகள் மூன்றில் ஆய்ந்து பார்க்கப்படாத செருகி என்றால் வேர்டுபிரசின் செருகிக் களஞ்சியமே அதனை எச்சரிக்கையாகக் காட்டும், அதனைத் தொடாதீர். அணிகலன் போல் இருபது முப்பது மாட்டி, தளம் நகராமற் போனபின் பொறியாளரை நோவது வழக்கமாகிவிட்டது. மென்பொருளின் சிறு திருத்தங்கள் 2013இலிருந்து தாமாகவே ஏறும். அதனை நிறுத்தி வைக்காதிருப்பதே நன்று.

ஆளுரிமையில் ஐந்து படிநிலை உள. அனைத்தும் செய்யவல்ல நிருவாகி உரிமை இருவர்க்கு மேல் வேண்டா. பிறர் கட்டுரையையும் திருத்துவோர் பதிப்பாசிரியர், தம்முடையதை எழுதித் தாமே வெளியிடுவோர் ஆசிரியர், எழுதி ஒப்புதலுக்கு வைப்போர் பங்களிப்பாளர், படிப்போர் உறுப்பினர். மாணவர்க்குப் பங்களிப்பாளர் உரிமை தந்தால் அவர் எழுதப் பழகுவர், தளமும் கெடாது. ஒருவர் தவறாக அழித்துச் சேமித்தாலும் முந்தைய வடிவங்கள் பதிவில் இருக்கும், மீட்கலாம்.

ஆள்வோர் காணும் இடைமுகத்தையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். தமிழ் எனப் பொதுவாக ஒன்றும், இலங்கைத் தமிழ் என ஒன்றும் தனித்தனி மொழிபெயர்ப்பாக உள. அவற்றில் உள்ள சொற்கள் பிடிக்கவில்லை என்று மேடையில் குறைகூறுவதைவிட, மொழிபெயர்ப்பில் பங்கேற்று நல்ல சொல்லை முன்வைக்கலாம். அங்கே எவரும் கைகொடுக்க இடமுண்டு. இப்பணிக்கு நம் புலவர் பெருமக்கள் ஏன் இன்னும் திரளாக வரவில்லை என்பது விளங்கவில்லை.

இறுதியாகக் காப்புப்படி. தரவுத்தளம், படங்களும் வார்ப்புருவும் உள்ள கோப்புகள் ஆகிய இரண்டையும் எடுத்தாலன்றிப் படி முழுமையாகாது. எழுத்து இருந்து படம் போனவரும் உளர். படம் இருந்து எழுத்து போனவரும் உளர். அப்படி தளம் உள்ள வழங்கியிலேயே கிடத்தல் கூடாது. வீடு எரிந்தால் உள்ளிருக்கும் பெட்டியும் எரியும். ஒரு படி மன்றக் கணினியிலும் ஒரு படி வேற்றூரில் உள்ள உறுப்பினர் ஒருவரிடமும் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறையேனும் அப்படியை வேறோர் இடத்தில் விரித்துத் தளம் எழுகிறதா என்று பார்த்தல் வேண்டும். திறந்து பாராத படி, அவிழ்த்துப் பாராத சுவடிக்கட்டுப் போன்றது. உள்ளே செல்லரித்திருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.

தளப்பெயரைப் பதியும்போது, ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தம் பெயரிலேயே பதிந்து, தம் மின்னஞ்சலையே கொடுத்துவிடுகிறார். அவர் வேலை கிடைத்து வெளிநாடு சென்றபின், புதுப்பித்தல் அறிவிப்பு யார்க்கும் எட்டுவதில்லை. பதிவு மன்றத்தின் பெயரில் இருக்கட்டும். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' எனத் தமிழெழுத்திலேயே முடியும் தளப்பெயர்களும் இன்று பதியக் கிடைக்கின்றன, அதனையும் பெற்றுக்கொள்ளலாம். கடவுச்சொல், புதுப்பிக்கும் நாள், வழங்கி நிறுவனத்தின் முகவரி ஆகியவற்றைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, மன்றக் கணக்கேட்டோடு பொருளாளரிடம் ஒப்படைத்து, பொறுப்பாளர் மாறுந்தோறும் கையொப்பம் பெற்றுக் கைமாற்றுக.