கடற்கரை மணலில் ஒரு பொதுநிலம்



பத்தாண்டு நிறைவு விழாவில் நெய்தல் வாழ்வைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நெய்தல் என்றதும் நம் உள்ளம் புன்னை நிழலுக்கும் உப்பளத்துக்கும் செல்வது இயல்பு. இன்று உங்களை வேறொரு நெய்தலுக்கு அழைத்துச் செல்ல விழைகிறேன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சிறுநகரம் அது. கோல்ஃப் ஆட்டத்தின் தாயகம் என்று உலகம் போற்றும் ஊர்.

கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே கிடக்கும் மணல்மேட்டு நிலத்தை அங்கே ‘லிங்க்ஸ்’ என்பர். உழவுக்கு ஆகாத மண். குட்டைப் புல்லும் முட்புதருமே அதன் செல்வம். அங்கே ஆடுகள் மேய்ந்தன; முயல்கள் வளை தோண்டின; பெண்கள் துணி உலர்த்தினர். அதே மண்ணில் பந்தும் உருண்டது. உலர்த்திய துணிமேல் பந்து விழுந்தால் என்ன செய்வது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டில் விதியே எழுதினார்கள்! அந்தப் பழைய ஆடுகளத்தை முதலில் வரைந்தவர் என்று எவரையும் சுட்ட இயலாது. காற்றும் கால்நடையும் மக்களின் காலடியுமே அதை வகுத்தன.

வில்வித்தைக்கு இடையூறு என்று 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் இவ்வாட்டத்தைத் தடை செய்தது. ஆட்டம் ஓயவில்லை. 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் அந்நிலத்தில் முயல் வளர்க்க அனுமதி பெற்றார். ஆயினும் அங்கே விளையாடும் உரிமை ஊர்மக்களுடையது என்பதை அதே ஆவணம் உறுதி செய்தது.

அன்பர்களே, அவ்வுரிமைக்கும் சோதனை வந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கடனில் மூழ்கிய நகரமன்றம் நிலத்தைக் கைவிட்டது. முயல் வணிகர் கைக்கு அது சென்றது. முயல்கள் பெருகின, புல்தரை குழிகளாயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழக்கும் கைகலப்பும் நீடித்தன. 1821இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலக்கிழார் அதை வாங்கி ஆட்டத்துக்குக் காத்தார். 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நிலம் மீண்டும் ஊருக்கே வந்தது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை அதைப் பேணுகிறது. பெரும்போட்டிக் காலம் நீங்கலாக, ஞாயிறுதோறும் பழைய ஆடுகளத்தில் ஆட்டம் இல்லை. அன்று ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் அதில் உலவுகின்றனர்.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1754இல் இருபத்திரண்டு பிரபுக்களும் கனவான்களும் அங்கே ஆட்டக் கழகம் ஒன்றை அமைத்தனர். 1764இல் அதன் உறுப்பினர்கள் அங்கிருந்த 22 குழி ஆட்டத்தை 18 ஆகக் குறைத்தனர். பின்னாளில் உலகமே அதைப் பின்பற்றியது. அத்துணைப் பெருமை வாய்ந்த கழகம் பெண்களை உறுப்பினராக ஏற்க முடிவு செய்தது 2014இல்தான். துணி உலர்த்திய பெண்களுக்கு மணல் இடம் தந்தது. மன்றத்தின் கதவு இடம் தரவில்லை.

நம் மொழியும் ஒரு பொதுநிலமே. அதை எந்தத் தனிப்புலவரும் வரையவில்லை. நம் வட்டமோ அதன் ஓரத்தில் நாம் கட்டிக்கொண்ட சிறு மன்றம். பத்தாண்டுக் கணக்கைப் பார்க்கும் இந்நாளில், நம் கதவுக்கு வெளியே இன்னும் நிற்பவர் யார் என்று கேட்டுக்கொள்வோம்.