கம்பெடுக்கும் முன் களத்தைப் பாருங்கள்

(தற்காப்புக் கலைப் பயிற்சி வகுப்புகள் குறித்து மஹல்லா பெற்றோர் கூட்டத்தில் நம் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் சிவகாசிச் சுவர்களில் இருவகை விளம்பரங்கள் மிகுந்துவிடும். ஒன்று ஆங்கிலம் பேசும் பயிற்சி. மற்றொன்று கராத்தே, சிலம்பப் பயிற்சி. இவ்வாண்டு நம் மஹல்லாவுக்கு அருகிலேயே இரண்டு வகுப்புகள் தொடங்கியுள்ளன. ஒன்று கராத்தே, மற்றொன்று சிலம்பம். "ஹஜ்ரத், பிள்ளையைச் சேர்க்கலாமா?" என்று கேட்டு வந்த பெற்றோர் ஒருவர் இருவர் அல்லர். இதற்கிடையில், மழைக்காலத்தில் மதரஸாக் கூடத்தைத் தந்துதவ வேண்டும் என்று இரு வகுப்பாரும் நிர்வாகத்திடம் விண்ணப்பம் கொடுத்துள்ளனர். ஆகவே இது ஒரு வீட்டுச் செய்தியாக இல்லாமல் ஜமாஅத்தின் செய்தியாகிவிட்டது. நிர்வாகத்தார் கேட்டுக்கொண்டதற்கிணங்க நாமும் மூத்தோர் இருவரும் நான்கு மாலைகள் அவ்விடங்களுக்குச் சென்று ஓரமாக அமர்ந்து பார்த்து வந்தோம். பார்த்ததையும் விசாரித்ததையும் உங்கள் முன் வைக்கிறோம்.

மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. பலமுள்ள முஃமின் பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு உகந்தவர் என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழியை நீங்கள் அறிவீர்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டி விளையாடியதும், அதனை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து மகிழ்ந்ததும் புகாரியில் பதிவாகியுள்ளன. ஆகுமா என்பதில் ஐயமில்லை. இந்த வகுப்பு தகுமா என்பதே கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம்.

முதலில் சான்றிதழைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். ஏனெனில் பெற்றோர் பலர் நம்மிடம் காட்டியது அதைத்தான். பொன்னிற விளிம்பு, மூவண்ண முத்திரை, பன்னாட்டுப் பெயர், இரண்டு கையொப்பங்கள். சகோதரர்களே! இந்தியா முழுமைக்கும் நாட்காட்டியும் பட்டாசு லேபிளும் அச்சடித்துத் தரும் ஊர் நம் ஊர். இங்கு அமர்ந்திருப்போரில் பாதிப்பேர் ஆப்செட் அச்சகத்திலோ பைண்டிங்கிலோ கட்டிங் மிஷினிலோ கைபழகியவர்கள். தங்கப் பாயில் ஒட்டிய ஒரு தாளுக்கு என்ன செலவாகும் என்பது உலகில் வேறெவரையும்விட உங்களுக்கே நன்கு தெரியும். அவ்வாறிருக்க, நம் பிள்ளையின் பெயர் அதில் ஏறியதும் நாமே மயங்கிப்போவது வியப்பாக இல்லையா?

கறுப்புக் கச்சையின் வரலாறும் தெரிந்திருப்பது நல்லது. ஜப்பானில் 1882ஆம் ஆண்டு ஜிகோரோ கானோ என்பவர் ஜூடோவுக்கென்று கொடோக்கான் பள்ளியை நிறுவினார். 'தான்' எனப்படும் படிநிலை முறையை அவரே அதில் கொண்டுவந்தார். கராத்தே அதனைப் பின்னர்தான் எடுத்துக்கொண்டது. புனாகோஷி தம் மாணவர்களுக்கு முதன்முதலாக அப்படிநிலையை வழங்கியது 1924ஆம் ஆண்டில். கறுப்புக் கச்சையின் முதல் நிலைக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'தொடக்கப் படி' என்பதாகும். அதாவது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துவிட்டது, இனி நூலைத் திறக்கலாம் என்பதே அதன் கருத்து. அந்தத் தொடக்கப் படியை எட்டவே ஒழுங்காகப் பயிலும் ஒருவருக்கு நான்கைந்து ஆண்டுகளாகும். 'ஓராண்டில் கறுப்புக் கச்சை' என்று சுவரில் எழுதியிருந்தால், ஓராண்டில் ஆலிம் பட்டம் தருகிறோம் என்று எழுதியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அப்படி ஒரு மதரஸாவுக்கு உங்கள் பிள்ளையை அனுப்புவீர்களா?

இனிப் பணம். கராத்தே வகுப்பின் பலகையில் மாதம் 400 ரூபாய் என்றுதான் எழுதியிருக்கிறது. அதன்படி ஆண்டுக்கு 4,800. ஆனால் விசாரித்தபோது சீருடைக்கு 900, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கச்சைத் தேர்வுக்கு 600 வீதம் 2,400, ஆண்டில் இரண்டு போட்டிகளுக்கு 750 வீதம் 1,500, 'உலக சாதனை' நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்க 1,000. கூட்டினால் 10,600 ரூபாய். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் தாய்மார்கள் நம்மில் எத்தனைபேர்! ஆலைகள் அடைபட்டுக் கிடக்கும் நாட்களில் இந்தத் தேர்வுக் கட்டணம் எங்கிருந்து வரும்? பிள்ளை பாதியில் நின்றால் கட்டிய பணம் கைக்கு வராது. சிலம்ப ஆசான் வாங்குவது மாதம் 250. கம்புக்கு ஒருமுறை 150. அவ்வளவுதான் என்றார். அவரிடம் பயிலும் பிள்ளைகளின் வீடுகளிலும் கேட்டோம். அவ்வளவுதான் என்றே சொன்னார்கள்.

உலக சாதனை என்று சொன்னோமல்லவா? நூறு பிள்ளைகள் ஒருமணி நேரம் கம்பு சுற்றுவது, சிறுவனின் முதுகில் ஓடுகளை அடுக்கி உடைப்பது, கைவிரல்கள்மீது மோட்டார் சைக்கிளை ஏற்றுவது என்று தமிழகமெங்கும் நடக்கின்றன. சாதனைப் பதிவு என்ற பெயரில் சான்றிதழ் வழங்குவதைத் தொழிலாகக் கொண்ட தனியார் அமைப்புகள் பல உண்டு. ஓடு உடைவதால் பிள்ளைக்கு எந்தக் கலையும் வந்துவிடுவதில்லை. வளரும் எலும்புக்குத்தான் ஆபத்து.

"இதனால் அரசு வேலை கிடைக்குமாமே?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். அதிலுள்ள உண்மையையும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பணிகளுக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்டுள்ளது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இவை நல்ல செய்திகளே. ஆனால் அந்த ஒதுக்கீடு அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் உயர்நிலையில் வென்றோருக்கு உரியது. வகுப்பில் சேர்ந்தோர் அனைவருக்கும் உரியதன்று. கராத்தேயின் நிலை இன்னும் சிக்கலானது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்ற அது 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறவில்லை. இந்தியாவில் சங்கங்களுக்கிடையே பூசல் முற்றி, 2020ஆம் ஆண்டில் உலகக் கராத்தே கூட்டமைப்பு அன்றைய இந்தியச் சங்கத்தின் அங்கீகாரத்தையே இடைக்காலமாக நீக்கியது. ஆகவே 'அகில இந்திய', 'சர்வதேச' என்ற சொற்களைக் கண்டு அசந்துவிடாமல், இந்தச் சான்றிதழ் எந்தப் போட்டிக்கு, எந்த அலுவலகத்தில் செல்லும் என்று விருதுநகரிலுள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலேயே நேரில் கேட்டுவிடுங்கள். பேருந்துக் கட்டணம் மட்டுமே செலவு.

இனிக் களத்தில் கண்டதைச் சொல்கிறோம். உரையின் முக்கியமான பகுதி இதுவே.

கராத்தே வகுப்பில் நாற்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், மாஸ்டர் ஒருவர். அவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்த வேளையில் பதினைந்து வயதுப் பையன்கள் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை சிமென்ட் தரையில் முஷ்டியை ஊன்றித் தண்டால் எடுக்கிறது. சேர்ந்து இரண்டாவது வாரமான சிறுவர்களைத் தலைக்கவசமோ பற்காப்போ இன்றி எதிரெதிரே நிறுத்தி முகத்திற்கு உதைவிடச் சொன்னார்கள். சண்டையிட நேர்ந்தாலும் முகத்தில் அடிப்பதைத் தவிர்க்கவேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. பகைவனின் முகத்திற்கே இந்தப் பாதுகாப்பென்றால், கூடப் பயிலும் தோழனின் முகத்திற்கு எவ்வளவு இருக்கவேண்டும்! அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகமும் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், சிறார் பயிற்சியில் தலைக்கு அடி விழும் முறைகளுக்கு எதிராகவே ஆலோசனை கூறியுள்ளது. தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலோ, மயங்கினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 'வீரன் அழமாட்டான்' என்று மாஸ்டர் சொன்னார் என்பதற்காகக் காத்திருக்காதீர்கள்.

சிலம்ப ஆசான் நம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த முதியவர். சான்றிதழ் எதுவும் அவர் காட்டவில்லை, நாமும் கேட்கவில்லை. அவரிடம் பதினெட்டுப் பிள்ளைகள். முதல் சில வாரங்களுக்கு எவர் கையிலும் கம்பு இல்லை, காலடி மட்டுமே. பிள்ளைகளுக்கு இது சலிப்புத்தான். "கால் நிற்காதவன் கையில் கம்பைக் கொடுத்தால் பக்கத்தில் நிற்பவன் மண்டைதானே உடையும்" என்றார் அவர். ஒவ்வொருவர் உயரத்துக்கும் தக்கபடி கம்பு வெட்டிக் கொடுக்கிறார். ஒரு பையன் வேண்டுமென்றே மற்றவனின் கணுக்காலில் தட்டியபோது, கம்பை வாங்கி வைத்துக்கொண்டு அன்று முழுவதும் அவனைத் தண்ணீர் கொடுக்க வைத்தார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வீரனல்லன், கோபத்தின்போது தன்னை அடக்குபவனே வீரன் என்ற ஹதீஸின் கருத்தை அவர் ஓதியிருக்க வாய்ப்பில்லை. அதன்படி நடக்கிறார்.

அறியப்பட்ட தேர்ச்சியின்றி மருத்துவம் பார்த்தவர் விளையும் கேட்டிற்குப் பொறுப்பாளி என்பது நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் சட்டம். பிள்ளைகளின் உடலைக் கையாளும் எவருக்கும் அதைப் பொருத்திப் பார்க்கலாம் என்பது நம் கருத்து. நம் ஊரில் பட்டாசு ஆலை நடத்தவேண்டுமானால் உரிமம் வேண்டும். ஓர் அறைக்குள் இத்தனை பேருக்கு மேல் இருக்கலாகாது, மருந்து இவ்வளவுக்கு மேல் இருக்கலாகாது என்றெல்லாம் விதி உண்டு. விதி மீறிய இடங்களில் என்ன நேர்ந்தது என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு மாஸ்டர் என்பதைக் கண்டதும் நமக்கு அதுவே நினைவுக்கு வந்தது.

குனிந்து வணங்குவது பற்றிச் சிலர் கேட்டீர்கள். ருகூஃ போன்று குனிவது படைப்பினங்களுக்கு உரியதன்று. இதை ஆசிரியரிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடலாம். நாம் சொன்னபோது இருவருமே மறுக்கவில்லை. நெஞ்சில் கைவைத்து நிற்கட்டும் என்றார்கள். தென்மாவட்டச் சிலம்பத்தில் களமிறங்கியதும் செய்யும் வரிசையைச் சலாம் வரிசை என்றே வழங்குவோரும் உண்டு. மஃரிப் தொழுகையும் மக்தப் நேரமும் தவறுவதுதான் இதைவிடப் பெரிய சிக்கல். ஆறு மணிக்கு முடித்துக்கொள்வதாக ஆசான் உடனே ஒப்புக்கொண்டார். மற்றவர் பார்க்கலாம் என்றார்.

தாய்மார்கள் பெண்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உடையைக் காரணம் காட்டி எவரும் தடுக்க வேண்டியதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சவூதிப் பெண்மணி வுஜ்தான் ஷஹ்ர்கானி தலையை மறைத்துக்கொண்டே ஜூடோ களத்தில் இறங்கினார். ஆயினும் பெண் பயிற்சியாளர், தனி நேரம், தாயார் ஒருவர் உடனிருத்தல் ஆகிய மூன்றும் இல்லாத இடத்திற்கு அனுப்பாதீர்கள். தற்போது இவ்விரு வகுப்புகளிலும் பெண் பயிற்சியாளர் இல்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறோம். 2021ஆம் ஆண்டில் சென்னையில் தற்காப்புக் கலைப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் புகாரின்பேரில் கைதானது செய்தியாக வந்தது. ஆண்பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சொல்லாத வகுப்பு, தனியறையில் 'சிறப்புப் பயிற்சி' தரும் வகுப்பு, வெளியூர்ப் போட்டிக்குப் பெற்றோரின்றி இரவு தங்க அழைத்துச் செல்லும் வகுப்பு ஆகியவற்றை விட்டு விலகுங்கள். பிள்ளை திடீரெனப் போகமாட்டேன் என்று அழுதால் சோம்பல் என்று அதட்டாமல் காரணம் கேளுங்கள். தீங்கு நடந்திருப்பின், குடும்ப மானம், ஜமாஅத்தின் பெயர் என்று மூடிமறைப்பது பாவம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் அளிக்காதிருப்பது குற்றமும் ஆகும். 1098 என்ற எண்ணில் சொல்லலாம். இப்பள்ளிவாசலின் நிர்வாகம் அக்குடும்பத்தின் பக்கம் நிற்கும். தலைவர் அவர்களின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம்.

வாலிபர்கள் சிலர், நம் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளிவாசலுக்குள்ளேயே ஒரு வகுப்பு தொடங்கலாமே என்றார்கள். ஆர்வத்தைப் பாராட்டுகிறோம், யோசனையை ஏற்கவில்லை. தென்மாவட்டங்களில் தன் சாதிக்கு மட்டும், தன் கூட்டத்திற்கு மட்டும் என்று கம்பு கற்பித்த இடங்களில் கலை வளர்ந்ததைவிடப் பகை வளர்ந்ததே அதிகம். நம் வாசலில் அப்படியொன்று நடந்தால் ஊரார் ஐயுறுவார்கள். அந்த ஐயத்தைத் தூண்டி வளர்க்கவும் ஆட்கள் இருப்பார்கள். அந்த ஆசானின் களத்தில் நம் தெருவின் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே குடத்தில் தண்ணீர் குடிப்பதைக் கண்டோம். அது அப்படியே இருக்கட்டும்.

நிர்வாகத்திற்கு நாம் அளித்துள்ள கருத்து இதுதான். ஒன்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகளைச் சிலம்ப வகுப்பில் சேர்க்கலாம். கராத்தே வகுப்பில் ஆட்கள் கூடுதலாக நியமிக்கப்பட்டு, தலைக்கு அடிக்கும் பயிற்சியும் ஓடு உடைப்பும் நிறுத்தப்படும் வரை சேர்க்க வேண்டாம். இதை அந்த மாஸ்டரிடமும் நேரில் சொல்லியிருக்கிறோம். இளைஞர், திருத்திக்கொள்ளக் கூடியவராகவே தெரிகிறார். மதரஸாக் கூடத்தை இருவருக்கும் தரவேண்டாம். தாழ்ந்த கூரை, அங்கு கம்பு சுற்றினால் முதலில் விழுவது மின்விசிறியே. மழைநாட்களில் ஜமாஅத் திருமண மண்டபத்தின் முன்கூடத்தை, திருமணம் இல்லாத நாட்களில், வாடகையின்றி ஆசானுக்குத் தரலாம். முதலுதவிப் பெட்டி ஒன்றும் ஜமாஅத் செலவில் அங்கு இருக்கட்டும்.

சேர்க்க விரும்பும் தகப்பனார்கள் வரும் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்திற்குப் பிள்ளைகளுடன் வாருங்கள். மூத்தோர் இருவரும் அழைத்துச் செல்வார்கள். அன்று பணம் எதுவும் கொடுக்காதீர்கள். ஒரு மாலை முழுவதும் அமர்ந்து பாருங்கள், பிள்ளையும் பார்க்கட்டும். வஸ்ஸலாம்.