தலைநகர்ச் சாலையில் சினமும் நாமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பேசுதற்குரிய இம்மேடையில் சாலையைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் டில்லியில் வாழும் நம்மில், பின்னால் நெருங்கி வந்து, விளக்கை மின்னி, ஹாரனை ஓயாது அழுத்தும் வண்டியை ரிங் ரோட்டில் காணாதவர் அரியர். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது மத்திய அரசின் கணக்கு.

அத்தகைய வண்டி பின்னால் வருங்கால் நாம் செய்யத்தக்கது யாது? இடப்பக்கம் இடம் கிடைத்தவுடன் குறி காட்டி ஒதுங்கி, அதனைப் போகவிடுவதே. முந்த வரும் வண்டியை மறித்தலும், அவ்வேளையில் நம் வேகத்தைக் கூட்டுதலும் கூடா என்று 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளே கூறின. பாடம் புகட்டுவதாக எண்ணித் திடீரென்று பிரேக்கை மிதிப்போரும் நம்மிடையே உளர். இது பெரும் பேதைமை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். நம் சிவப்பு விளக்கைக் கண்டு அவர் காலை மாற்றி வைப்பதற்குள் அந்த நொடி கழிந்துவிடும். மோதலை முதலில் தாங்குவது பின்னிருக்கையில் அமர்ந்த நம் குழந்தை.

முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு நொடி இடைவெளியேனும் வேண்டும். மார்கழி மூடுபனியில் இன்னும் மிகுதியாக வேண்டும். இடம் விட்டால் ஒரு ஸ்கூட்டர் நுழைந்துவிடுமே என்பீர்கள். நுழையட்டும். தௌலா குவானிலிருந்து முனிர்க்கா வரையில் பத்து வண்டிகளை நுழையவிட்டாலும், ஒன்றுக்கு இரண்டு நொடியாக இருபது நொடியே நமக்கு இழப்பு.

இனி, நம்மவர்க்கே உரிய இடர் ஒன்று. கண்ணாடியை இறக்கி ஒருவர் இந்தியில் வசை பொழிகையில், எத்தனை ஆண்டு வாழ்ந்தும் வெளியூரார்தாமே என்ற எண்ணம் நம் நெஞ்சைச் சுடுகிறது. 'மதராஸி' என்ற சொல்லும் காதில் விழுந்துவிட்டால் கேட்கவே வேண்டா. விடை கூறாவிடில் மானம் போயிற்று என்று கருதுகிறோம். அவரோ நம்மை அறியார். நாளை கண்டால் அடையாளமும் காணார். அவர் சினம் அலுவலகத்திலோ இல்லத்திலோ பிறந்து, சாலையில் நம்மீது வந்து விழுந்தது. அதற்கும் தமிழர் மானத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பரிசுப் போட்டிக்கெனத் திருக்குறளின் வெகுளாமை அதிகாரத்தை மனப்பாடம் செய்யும் நம் பிள்ளைகள், ஸ்டீயரிங் பிடித்த பெற்றோரின் வாய்ச்சொல்லையும் உடன் மனப்பாடம் செய்கின்றனர்! பக்கத்து இருக்கையில் இருப்பவர், "அவனை விடாதீர்கள்" என்று தூண்டாமல், "போகட்டும், மெல்லச் செல்லலாம்" என்றால் பாதிச் சினம் அடங்கிவிடும்.

எவரேனும் வழிமறித்து இறங்கி வந்தால் கதவைப் பூட்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளுங்கள்; இறங்க வேண்டா. உடன் வருபவர் 112-ஐ அழைக்கட்டும். பின்தொடர்ந்து வருபவருக்கு நம் காலனியின் வாயிலைக் காட்டலாகாது; காவல் நிலையத்துக்கோ ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்குக்கோ வண்டியைச் செலுத்துங்கள். வண்டி எண்ணைக் குறித்தலும் உடன் வருபவர் பணியே. ஓட்டுபவர் கைப்பேசியைத் தொடலாகாது. அபாயகரமாக வண்டி ஓட்டுதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் முறைக்கே 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்த எண்ணைக் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு, நாம் நம் வழியே செல்லலாம்.