ஒரு மாளிகை, இரு கோமக்கள்



தந்தையின் நிலம் மைந்தர் அனைவருக்கும் உரியது என்பது இடைக்கால ஜெர்மானியப் பெருங்குடிகள் பலவற்றின் வழக்கம். மூத்தவனுக்கே முழுநாடும் என்னும் முறை அங்குக் காலந்தாழ்ந்தே வேரூன்றியது. ஆகவே உடன்பிறந்தோர் நாட்டைக் கூறிட வேண்டும். இன்றேல் கூடியாள வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுவது சாக்சனியை ஆண்ட வெட்டின் குடியின் வரலாறு.

அக்குடியின் பிரெடரிக்கும் அவர் தம்பி வில்லியமும் 1445இல் நாட்டைப் பங்கிட்டனர். பங்கீட்டில் மனக்குறை எழ, 1446 முதல் 1451 வரை உடன்பிறந்தோர் போர் மூண்டது. அப்போரில் தாம் அடைந்த இழப்புக்கு ஈடு கிட்டவில்லை எனச் சினந்த குன்ஸ் என்னும் வீரர், 1455இல் ஆல்டன்பர்க் கோட்டை புகுந்து பிரெடரிக்கின் மைந்தர் இருவரையும் ஒரே இரவில் கவர்ந்து சென்றார். எர்ன்ஸ்டுக்கு அப்போது வயது 14, ஆல்பிரெக்டுக்கு 11. சிறுவர் மீண்டனர், குன்ஸ் தலை இழந்தார்.

1464இல் தந்தை மறைந்தபின் அவ்விருவரும் 21 ஆண்டுகள் கூடியே ஆண்டனர். அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் மூத்தவரிடம் இருந்தது. அதனைக் கூறிடலாகாது என்பது 1356ஆம் ஆண்டுப் பொன்முத்திரை ஆணையின் விதி. 1471இல் மைசன் குன்றின்மீது இருவர்க்கும் பொதுவாக ஒரு மாளிகை எழத் தொடங்கியது. 1482இல் வில்லியம் ஆண்வாரிசின்றி மறைய, துரிங்கியாவும் வந்து சேர்ந்தது. நிலம் பெருகிய மூன்றே ஆண்டுகளில், 1485இல், லைப்சிக் நகரில் பாகப்பிரிவினை நிகழ்ந்தது. மூத்தவர் கூறிட்டார், இளையவர் தமக்குரிய கூற்றைத் தெரிந்துகொண்டார். ஷ்னீபெர்க் வெள்ளிச் சுரங்கங்கள் பொதுவில் நின்றன. இருவர்க்கென எழுந்த மாளிகை ஆல்பிரெக்ட் ஒருவருக்கே உரியதாயிற்று.

எர்ன்ஸ்ட் 1486இல் மறைந்தார். அவர் மைந்தர் பிரெடரிக்கும் யோகானும் 1525 வரை நாட்டைக் கூறிடாது ஒற்றுமையாய் ஆண்டனர். ஆதலின் கூட்டாட்சி இயலாத ஒன்றன்று. ஆயினும் அதனைத் தாங்கியது உடன்பிறந்தார் நெஞ்சமே; நெஞ்சம் வழிவழி வரும் உடைமையன்று. 1547இல் ஆல்பிரெக்டின் பேரர் மோரிட்ஸ் பேரரசர் ஐந்தாம் சார்லசின் பக்கம் நின்று, எர்ன்ஸ்டின் பேரரிடமிருந்த தேர்வுரிமையைத் தமதாக்கிக் கொண்டார். அன்று ஓரிரவில் ஒன்றாய்க் களவு போன சிறுவர்தம் பேரர்கள், பகைவராய் எதிரெதிர் நின்றனர். சுரங்கத்தைப் பொதுவில் வைக்கத் தெரிந்த ஒப்பந்தத்தால் பாசத்தைப் பொதுவில் வைக்க இயலவில்லை.