தாதிமை டிப்ளோமா கையில். முதல் வேலை எங்கே?

(தொலைக்காட்சி கருத்தரங்கில் ஆற்றிய உரை)



தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசரும் மிஸ்ஸியும் பணியாற்றிய காலந்தொட்டே நம் சமுதாயத்தில் தாதிமைத் தொழிலுக்குத் தனி மரியாதை உண்டு. எஸ்.பி.எம். முடித்த பிள்ளை மூன்றாண்டு டிப்ளோமா படித்தால் வேலை நிச்சயம் என்று நம்பித்தான் பல குடும்பங்கள் பி.டி.பி.டி.என். கடனில் கையெழுத்திட்டன. அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி என்பதே இன்று நம்முன் உள்ள கேள்வி.

தனியார் கல்லூரிகள் தேவைக்கு மேல் தாதியரை உருவாக்கியதால், 2010 ஜூலையில் உயர்கல்வி அமைச்சு புதிய தாதிமைப் படிப்புகளுக்குத் தடை விதித்தது. அந்தச் சமயத்தில் டிப்ளோமா பெற்ற பலர் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்தார்கள். பின்னர் நிலைமை தலைகீழாக மாறியது. அனுபவமுள்ள தாதியர் சிங்கப்பூருக்கும் சவூதி அரேபியாவுக்கும் புறப்பட்டுப் போனார்கள். 2023-ஆம் ஆண்டில் தனியார் மருத்துவமனைகள் அயல்நாட்டுத் தாதியரை எடுப்பதற்கு அரசாங்கமே தற்காலிகத் தளர்வு வழங்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் புதியவர்களுக்கு ஏன் வேலை தாமதமாகிறது? மருத்துவமனைகளுக்குப் பற்றாக்குறையாக இருப்பது அனுபவமுள்ள தாதியர். நம் பிள்ளைகளிடம் இல்லாததும் அந்த அனுபவம்தான். வேலை இருந்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை என்ற இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது?

முதலாவது, சட்டப்படியான தகுதி. கல்லூரிச் சான்றிதழ் மட்டும் போதாது. மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறி, பதிவு பெற்று, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பணி அனுமதிச் சான்றிதழையும் பெற வேண்டும். இதற்கு ஆகும் மாதங்களை வீட்டில் சும்மா கழிக்கக் கூடாது. தேர்வு எழுதியவுடனேயே விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்குங்கள். தேர்வு எழுதிய மாதத்தையும் முடிவுக்காகக் காத்திருப்பதையும் விண்ணப்பத்தில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

இரண்டாவது, அரசாங்க வேலை. பொதுச் சேவை ஆணையத்தின் இணையத்தளத்தில் ஒருமுறை பதிந்துவிட்டு மறந்து விடுபவர்கள் உண்டு. அந்தப் பதிவு ஓராண்டுக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். டிப்ளோமா தாதியரின் பணித்தரம் முன்பு யு29. 2024 டிசம்பரில் புதிய சம்பள முறை வந்ததிலிருந்து அது யு5. பழைய எண்ணையே தேடிக்கொண்டிருந்தால் விளம்பரம் கண்ணில் படாமலே போய்விடும். ஒப்பந்தப் பணி வந்தாலும் அலட்சியப்படுத்தாதீர்கள். அதுவும் வார்டு அனுபவம்தான்.

மூன்றாவது, நேர்முகத் தேர்வு. "நான் கடுமையாக உழைப்பேன்" என்று எல்லோருமே சொல்வார்கள். எந்தெந்த வார்டுகளில் பயிற்சி பெற்றீர்கள், எத்தனை வாரம், எந்தச் செய்முறைகளைச் சொந்தமாகச் செய்தீர்கள் என்பதைப் பயிற்சிக் குறிப்பேட்டைப் பார்த்து ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். மருந்து கொடுக்கும்முன் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி என்று ஐந்தையும் சரிபார்ப்பதைத் தடுமாறாமல் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லப் பழகுங்கள். அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் கூடுதல் பலம். தமிழ் மட்டுமே அறிந்த முதியவர்கள் எத்தனையோ வார்டுகளில் படுத்திருக்கிறார்கள். அவர்களிடம் வலி எங்கே என்று தமிழில் கேட்கத் தெரிவதும் ஒரு தகுதிதான். அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

நான்காவது, பெற்றோர்களுக்கு. கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு என்று மூன்று ஊர்களை மட்டும் நினைத்துக்கொண்டு, "பெண் பிள்ளையைச் சபாவுக்கு அனுப்புவதா?" என்று வந்த வேலையைத் தள்ளி விடுகிறோம். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வீட்டருகே ஒரு கடையில் கல்லாவில் ஈராண்டு இருந்தால், கற்ற கைவேலை மங்கிவிடுகிறது. பி.டி.பி.டி.என். கடனோ நமக்காகக் காத்திருக்காது. தங்குமிடம் உண்டா, இரவுப் பணிக்குப் போக்குவரத்து உண்டா என்று விசாரியுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் தைரியமாக அனுப்புங்கள்.

ஐந்தாவது, கையெழுத்து. மருத்துவமனையின் உதவித்தொகையில் படித்தவர்களுக்குக் கட்டாயப் பணிக்கால ஒப்பந்தம் இருக்கும். எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், பணியாற்றிய காலத்துக்கு ஏற்ப அத்தொகை குறையுமா என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூர் வேலைக்கு முகவரை நாடுவோர் ஒன்றை நினைவில் வையுங்கள். அந்நாட்டு விதிப்படி, ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். அதற்கு மேல் அங்குள்ள முகவர் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. வளைகுடா நாடுகளோ பெரும்பாலும் ஈராண்டு வார்டு அனுபவத்தைக் கேட்கின்றன. ஆகவே படித்து முடித்த கையோடு கடல் கடந்துவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் சற்று நிதானியுங்கள்.

மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் ஒரு வார்த்தை. எல்லா விளம்பரங்களிலும் "அனுபவம் தேவை" என்று போட்டால், அந்த அனுபவத்தை யார்தான் கொடுப்பது? புதியவரை ஒரு மூத்த தாதியின் கீழ்ச் சில மாதங்கள் வைத்துப் பழக்குங்கள். முதல் வாரமே தனியாக இரவுப் பணியில் நிறுத்தினால், பயந்துபோய் ஓடிவிடும் பிள்ளையைக் குறை கூறுவதில் நியாயமில்லை. அதனால் பாதிக்கப்படுவது கட்டிலில் இருக்கும் நோயாளியும்தான்.

தம்பி தங்கையரே, முதல் வேலை பெரிய மருத்துவமனையாக இருக்க வேண்டும் என்பதில்லை. நோயாளியைத் தொட்டுப் பராமரிக்கும் வேலையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓர் ஈராண்டு வார்டில் நின்றுவிட்டால், சிறுநீரகம், இருதயம், தீவிர சிகிச்சை என்று சிறப்புப் பயிற்சிகளுக்கும் பட்டப் படிப்புக்கும் வழி திறக்கும். இன்று உங்களைத் திருப்பி அனுப்பும் மருத்துவமனை நாளை உங்களை அழைக்கும். அதுவரை கையில் உள்ள கலையை மறக்காதீர்கள், விண்ணப்பிப்பதை நிறுத்தாதீர்கள்.