அவன் பெயரும் இடாப்பில் இருக்கட்டும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் ஆரம்பிக்கின்றேன்.

 

ஒரு தாயை உங்கள் மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். அவள் கதிரவெளியில் வாழ்கின்றாள். திருகோணமலை வீதியில் வாகரையையும் தாண்டி, வெருகல் ஆற்றுக்கு இப்பால் அமைந்த கடலோரக் கிராமம் அது. அவளுடைய மகனுக்கு ஆறு வயது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கமாட்டான். கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை மணிக்கணக்காக வரிசையில் அடுக்குவான். ஒரு சிப்பியை யாரேனும் நகர்த்திவிட்டால் ஓவென்று அழுவான். வெள்ளைச் சீருடை அணிவித்து அவனை முதலாம் தரத்திற்கு அழைத்துச் சென்றாள். பாடசாலை மணி அடித்ததும் அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். மூன்றாம் நாள், “நன்றாகப் பேசத் தொடங்கிய பிறகு கொண்டு வாருங்கள்” என்று திருப்பியனுப்பப்பட்டான். அந்தச் சீருடை மடித்த மடிப்பிலேயே பெட்டிக்குள் கிடக்கின்றது.

இவள் நான் கற்பனையாகச் சொல்லும் தாய்தான். ஆனால் கதிரவெளியிலோ, ஓட்டமாவடியிலோ, ஏறாவூரிலோ, காத்தான்குடியிலோ இவளைப் போன்ற ஒருத்தி இல்லை என்று நம்மில் எவரால் துணிந்து சொல்ல முடியும்? கதிரவெளி தமிழ்க் கிராமம். மற்றவை முஸ்லிம்கள் செறிந்து வாழும் ஊர்கள். இந்த நிலையோ இனமும் மதமும் பார்த்து வருவதில்லை.

இதனை ஓட்டிசம் என்றும் ஆட்டிசம் என்றும் அழைக்கின்றார்கள். 1943 ஆம் ஆண்டு லியோ கேனர் என்ற வைத்தியர் இதனைத் தனியொரு நிலையாக விவரித்து எழுதினார். இது மூளையின் வளர்ச்சியில் பிறவியிலேயே அமைந்துவிடும் ஒரு வேறுபாடு. பிறரோடு பேசுவதும் பழகுவதும் இக்குழந்தைகளுக்குக் கடினமாக இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் சத்தம் சிலருக்குத் தாங்கவொண்ணாத வேதனையாக இருக்கும். சிலர் பேசுவதேயில்லை, சிலர் சரளமாகப் பேசுவார்கள். ஒரு குழந்தையைப் போல மற்றொரு குழந்தை இருப்பதில்லை.

ஒரு காலத்தில் வைத்தியர்களே தாயின் மீது பழி போட்டார்கள். தாய் பாசம் காட்டாததனால்தான் பிள்ளை இப்படியானது என்றார்கள். அக்கருத்து தவறென்று பின்னர் கைவிடப்பட்டது. 1998 இல் ஒரு கட்டுரை தடுப்பூசியின் மீது சந்தேகத்தைக் கிளப்பியது. 2010 இல் அதனை வெளியிட்ட சஞ்சிகையே அக்கட்டுரையை மீளப்பெற்றுக்கொண்டது. ஆகவே சகோதரிகளே, உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். பிள்ளைக்காக ஓதுங்கள், துஆச் செய்யுங்கள். அது நம் கடமை. ஆனால் ஜின் தீண்டியது, கண்ணூறு பட்டது என்று ஊர் ஊராக அலைந்து, பிள்ளையின் பொன்னான ஆண்டுகளை இழந்துவிடாதீர்கள்.

இது எங்கோ ஓரிருவருக்கு வரும் நிலையென எண்ணவும் வேண்டாம். நம் நாட்டில் பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் சக ஆய்வாளர்களும் ஒன்றரை முதல் இரண்டு வயது வரையான குழந்தைகளைப் பரிசோதித்து 2009 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 93 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் இந்நிலை காணப்பட்டது. அதே அளவு நம் பகுதியிலும் இருக்குமாயின், ஐந்நூறு பிள்ளைகள் பயில வேண்டிய பாடசாலையில் ஐந்து பேரேனும் இருக்க வேண்டும். அந்த ஐவரும் எங்கே? வகுப்பிலா, அல்லது வீட்டுத் திண்ணையிலா?

அன்பார்ந்தவர்களே! மதீனாவில் சிந்தையில் குறைபாடுள்ள ஒரு பெண் இருந்தார். அவர் நபி (ஸல்) அவர்களிடம் தமக்கு ஒரு தேவை இருப்பதாகக் கூறினார். நபியவர்கள் அவரைத் தட்டிக்கழிக்கவில்லை. எந்தத் தெருவில் நின்று பேச விருப்பமோ அதனை அவரே தெரிவுசெய்யும்படி விட்டு, அவ்விடத்திற்குச் சென்று, அவருடைய தேவை முடியும்வரை உடன் நின்றார்கள். இந்தச் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஒரு சமூகத்தையே வழிநடத்திய தலைவர், அப்பெண்ணுக்காகத் தாம் நிற்கும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். முதலில் நீ சரியாகிவிட்டு வா என்று சொல்லவில்லை.

ஒரு தாய் பாடசாலையிடம் கேட்பதும் இதனைத்தான். கேட்பதற்கு அவளுக்கு உரிமையும் உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதி வழங்குவதில் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. 2016 இல் வந்த ஒழுங்குவிதியின்படி 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமாகும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் சமவாயத்தையும் அதே 2016 இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. ஆகவே பெற்றோர்களே, பாடசாலை வாசலில் யாசகரைப் போல நிற்காதீர்கள். பண்போடும் தெளிவோடும் பேசுங்கள்.

எவ்வாறு பேசுவது? முதலில் பிள்ளையின் நிலையை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ சென்று வைத்தியரின் அறிக்கையைப் பெறுங்கள். கதிரவெளியிலிருந்து மட்டக்களப்பு ஐம்பது கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம். ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் ஏழைக் குடும்பத்திற்குச் சிறிய செலவல்ல. அண்டை வீட்டாரே, அந்த நாளின் செலவைப் பொறுப்பேற்பதும் ஒரு ஸதகாதான் என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவதாக, அதிபரைச் சந்தித்து ஒரு கடிதம் கொடுங்கள். அதன் பிரதியை உங்களிடம் வைத்திருங்கள். “என் பிள்ளையைக் கவனியுங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் ஆசிரியருக்கு என்ன செய்வதென்று விளங்காது. வேண்டியதைக் குறிப்பாக எழுதுங்கள். மணியடிக்கும் இடத்திற்குத் தூரமாக ஓர் இருக்கை. அன்றைய பாடங்களைப் படங்களாக ஒட்டிய ஒரு மட்டை. ஒரு தடவையில் ஒரேயொரு கட்டளை. மனம் குழம்பும்போது பத்து நிமிடம் அமைதியாக அமர ஒரு மூலை. அலறினால் அடி கிடையாது என்ற உறுதி. இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை.

மூன்றாவதாக, மறுப்புக் கிடைத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாகரைப் பிரதேசப் பாடசாலைகள் கல்குடா கல்வி வலயத்தைச் சேர்ந்தவை; ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி முஸ்லிம் பாடசாலைகள் மட்டக்களப்பு மத்தி வலயத்தைச் சேர்ந்தவை. உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். அங்கும் வழி பிறக்காவிடின், மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம்.

ஆசிரியர்களை எதிரிகளாக எண்ணிவிடாதீர்கள். நாற்பது பிள்ளைகளை ஒற்றையாளாய்ச் சமாளிக்கும் ஆசிரியைக்கு உதவியாளர் இல்லை. பலருக்கு இதற்கான பயிற்சியும் இல்லை. பிள்ளையை எது அமைதிப்படுத்தும், எது கலங்கவைக்கும் என்பதை உங்களைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. அதனை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். பாடசாலை அபிவிருத்திக் குழுவில் இருப்போரே, பள்ளிவாசல் நிர்வாகிகளே, அத்தாய் தனியாக அலுவலக வாசலில் நிற்கவேண்டிய நிலையை மாற்றுங்கள். உங்களில் ஒருவர் அவளோடு செல்லுங்கள். குர்ஆன் மத்ரஸாவிலும் அப்பிள்ளைக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். தொழுகை வரிசையில் அவன் ஓடினால் முகம் சுளிக்காதீர்கள். பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் பொருட்டு, முகம் சுளித்ததைக் கண்டித்து ஓர் அத்தியாயமே இறங்கியதை நாம் அறிவோம்.

இளைஞர்களே, உங்களிடம் ஒன்று கேட்கின்றேன். “பைத்தியம்”, “லூசு” என்ற சொற்களை உங்கள் நாவிலிருந்து அகற்றிவிடுங்கள். இடைவேளையில் தனியே நிற்கும் அந்த மாணவனின் பக்கத்தில் சென்று அமருங்கள். அவன் பேசாவிட்டாலும் பரவாயில்லை. அவனோடு சேர்ந்து சிப்பி அடுக்குங்கள். ஆசிரியரின் நூறு சொற்களால் முடியாததை ஒரு நண்பனின் அருகாமை செய்துவிடக்கூடும்.

அந்தத் தாயிடம் மீண்டும் வருவோம். பெட்டிக்குள் மடித்து வைத்த சீருடை அடுத்த வருடம் அவனுக்குச் சிறிதாகிவிடும். ஒரு பிள்ளையின் ஆறாம் வயது இரண்டாம் முறை வருவதில்லை. ஆகையால் நாளைக் காலையே அந்தப் பெட்டி திறக்கப்படட்டும். அவன் பெயரும் வரவு இடாப்பில் எழுதப்படட்டும். ஆசிரியர் அவன் பெயரைக் கூப்பிடும்போது அவன் பதில் சொல்லாமல் இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் பிள்ளை, “அவன் வந்திருக்கிறான், ஸேர்” என்று சொல்லட்டும்.

பலவீனர்களுக்காக நம் இடத்தை மாற்றிக்கொள்ளும் மனத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.