நெல்லிக்கனிச் சரக்கும் ரஸாயனப் பரிசோதனையும்



நெல்லிக்காயில் ‘ஸி’ ஜீவசத்து மிகுதி என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் காயிலுள்ள சத்து முழுவதும் சங்கம் விற்கும் சர்பத்திலும் வற்றலிலும் நிலைத்திருக்குமென்று கொள்ளுதல் கூடாது. நெடுநேரக் கொதிப்பும், காற்றும், வெயிலும் அதனைக் குறைக்கும். செம்பு கலந்தாலோ அது விரைந்து அழியும். ஆதலின் காய்ச்சுவதற்கு எவர்ஸில்வர் பாத்திரமே தக்கது.

ரஸாயன சாலைக்கு அனுப்ப வேண்டுவது காயன்று, புட்டியில் அடைத்த சரக்கேயாம். 1932-ல் இன்னதென்று நிச்சயிக்கப்பட்ட இச்சத்தை அளக்கும் முறை எளிது. அமிலங் கலந்த சாற்றில் இண்டோபீனால் என்னும் நீலச் சாயத்தைத் துளித்துளியாக விடுவர். சத்து உள்ளவரை சாயம் நிறமிழக்கும். தீர்ந்ததும் இளஞ்சிவப்பு நிலைத்து நிற்கும். செலவான சாயத்தைக் கொண்டு சத்தின் அளவைக் கணக்கிடுவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சர்பத் கெடாதிருக்கச் சேர்க்கும் பொட்டாசியம் மெட்டாபைஸல்பைட்டும் இச்சாயத்தை வெளுக்கச் செய்யும். அதனை மறைத்தால், இல்லாத சத்து இருப்பதாகக் கணக்குக் காட்டும். தெரிவித்தாலோ, பரிசோதகர் அதற்குரிய மாற்று முறையைக் கையாளுவர்.

ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் மாதிரி எடுத்து, அடைத்தவுடன் ஒரு முறையும், விற்பனைக் காலம் முடியுந் தறுவாயில் மறுமுறையும் சோதிப்பித்தல் நன்று. இரண்டிற் குறைந்த எண்ணையே சீட்டில் அச்சிடுதல் வேண்டும். ஒரு புட்டியின் சீட்டு பொய்க்குமாயின், காய் கொணர்ந்த அத்தனை அங்கத்தினர்களின் நாணயமும் அதனோடு கெடும்.